ஆறாவது நாண்

கற்சிலைமடுப் பன்றிக்கு என்னைத் தெரியும்.
வேலிக்கு அப்பால் ஈச்சம்பற்றைக்குள் நின்று
'ளக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருக்கும்.
அது கேட்ட பிறகுதான்
கச்சானுக்குள் இறங்கும்.

நேற்றிரவும் ளக்.

வில்லுத்தகடு, லான்ட்மாஸ்டர் பெட்டியில் கழற்றியது.
கட்டை முதிரை. எங்கே தறித்ததென்று கேட்க வேண்டாம்.
விசை, பழைய கேற்றுக் கொண்டியைக்
கிறிஸ்ரி அராவித் தந்தது.
அம்பு, கூரையில் சும்மா நின்ற
ரீவி அன்ரனாவின் விலா எலும்பு.
இத்தனை பேரும் ஒரே நொடியில்
ஒருமனப்பட வேண்டும்.
எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணப் பேச்சுக்கூட
அப்படி நடந்ததில்லை.

முதல் நாண் தங்கூசி.
எட்டுப் புரி முறுக்கி மெழுகு பூசினேன்.
பகலில் வாழைக் குற்றியைத் துளைத்து
அங்கால் போய் விழுந்தது அம்பு.
செல்வமதிகூட வாசலுக்கு வந்து பார்த்தாள்.
இரவு மார்கழிப் பனி இறங்க
நாண் இளகித் தொங்கியது,
செத்தவீட்டுக் கொடிபோல.
அடுத்தது சைக்கிள் பிறேக் கம்பி.
அறுந்து திரும்பி வந்து
பெருவிரல் நகத்தை எடுத்துக்கொண்டு போனது.
மூன்றாவதை விடுங்கள்.
நாலாவதில் நாண் நின்றது, தகடு வெடித்தது.
தகட்டை மாற்ற, விசை இறுகியது.
விசைக்கு எண்ணெய் விட, தொடமுன்னமே வழுக்கி
பக்கத்துவளவு நாகேந்திரத்தாரின்
தண்ணீர்த் தாங்கியில் போய்க் குத்தி நின்றது அம்பு.
ஆயிரம் லீற்றர். நீல நிறம்.
இன்னும் இரண்டு மாதக் கட்டுக்காசு கிடந்ததாம்.

ஒட்டுக்கடைக் கிறிஸ்ரி முகமூடியைத் தூக்கி
"அண்ணை, சாமானிலை பிழையில்லை" என்கிறான்.
பிறகு எதிலை பிழை என்று சொல்வதில்லை.
ஆயிரத்து இருநூறு வாங்குகிறான்.

செல்வமதி சமையலறைச் சுவரில்
கரியால் கணக்குப் போட்டிருக்கிறாள்.
இந்தக் காசுக்குப் பன்றிக்கு
உரிச்ச கச்சானே வாங்கிப் போட்டிருக்கலாமாம்.

போன செவ்வாய் குகதாசனிடம் புலம்பினேன்.
அவன் சிரிக்கவில்லை.
"சாமான் வேலை செய்யேல்லை எண்டு
என்னட்டைச் சொல்லாதை மச்சான்.
அண்டைக்கு நான் மிதிச்சதும்
வேலை செய்யேல்லை."
சொல்லிவிட்டு
இரண்டு காலையும் நீட்டி இருந்து
பீடியை வாயில் வைத்தான்.
லைற்றர் மூன்று தரம் பற்றவில்லை.
அவன் அதைப் பார்த்தான்.
நான் வேறெங்கோ பார்த்தேன்.

இருந்தாலும், கோதாரி,
நான் என்ன வெடியா கேட்டேன்?
இழுத்தால் இழுபட்டு
விட்டால் விடுபட
ஒரு கம்பி. ஒரேயொரு இரவு.

நேற்று அது பத்தடியில் நின்றது.
நிலவு முதுகு மயிரில் பட்டு
முள்ளுக்கம்பிபோல மினுங்கியது.
மூச்சைப் பிடித்தேன்.
இழுத்தேன்.
ளக்.
அம்பு ஒரு முழம் போய்
களைத்தவன்போல மண்ணில் படுத்தது.
பன்றி தலையைக் குனிந்து
ஒரு செடியைப் பிடுங்கியது, ஆறுதலாக,
வேரோடு, காயோடு.

எனக்கு எது ஏறியதோ தெரியாது.
வில்லைத் தூக்கி
நாணோடு, விசையோடு,
ஆறு மாதத்தோடு
எறிந்தேன்.

பட்டது!
சரியாக மூக்கில்.
வீலென்று கத்திக்கொண்டு
கம்பிக்கட்டையையும் முறித்துக்கொண்டு ஓடியது.
இவ்வளவு நாளில் அந்த வில்
குறிதவறாமல் செய்த ஒரே வேலை.

காலையில் செல்வமதி
துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து
முற்றத்தில் போட்டாள்.
"இனி எறியிறதுக்குக் கல்லுக் காணும்" என்றாள்.
சரிதான்.

மாங்குளம் பஸ்ஸில் இருக்கிறேன்.
மடியில் உரப்பை, உரப்பைக்குள் அது.
மோட்டார்ச் சைக்கிள் கிளச் கம்பி
நல்லாய் நிற்குமென்று யாரோ சொன்னார்கள்.
கொண்டக்டர் ரிக்கற் கிழித்தபடி
"என்ன அண்ணை, மீன்பிடிக்கிற சாமானோ?" என்றான்.

ஓம் என்றேன்.